கார்த்திகை மகத்தில் பட்ட காயம்

"அண்ணாச்சி, ஒரு மனுசனுக்கு ஒரே குண்டு ரெண்டு தேதியிலெ கொள்ளுமா?"

முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர் என் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்ட கேள்வி இது. அவர் எதையும் நேராகச் சொல்லமாட்டார். ஒரு புதிரைப் போட்டு, நான் முழிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று கையில் ஒரு பழைய கோப்பு இருந்தது.

நான் ராணுவத்தில் இருந்தவன் அல்ல. பொதுப்பணித் துறையில் கால்வாய்ப் பிரிவில் வேலை பார்த்தேன். அணை மடை எந்தத் தேதியில் திறந்தார்கள், தண்ணீர் கடைமடைக்கு எந்தத் தேதியில் வந்தது, எந்தக் குளம் எந்த மழையில் நிரம்பி மறுகால் போனது என்று எழுதி வைப்பது உத்தியோகம். உத்தியோகம் முடிந்தும் பழக்கம் போகவில்லை. எங்கள் ஊருக்கு முதல் பஸ் வந்த நாள், தேரோட்டம் மழையால் நின்ற வருடம் என்று யார் கேட்டாலும் சொல்லுவேன். கேட்காதவர்களிடமும் சொல்லுவேன் என்று வீட்டில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. இதைத் தெரிந்துகொண்ட செயலாளர், சங்கத்துக்கு வரும் மனுக்களை மேலே அனுப்புவதற்கு முன்னால் தேதிகளைச் சரிபார்க்க என்னிடம் தருவது வழக்கமாகிவிட்டது. விதவை ஓய்வூதியம், பிறந்த தேதித் திருத்தம் போன்றவைதான் பெரும்பாலும். பதக்கம் கேட்டு வந்த மனுவை அதுவரை நான் பார்த்ததில்லை.

மனுக்காரர் அருமனைக்கும் அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துக்காரர். வங்கதேசப் போர் நடந்தபோது சிக்னல்ஸ் பிரிவில் லைன்மேன். போர்முனையில் தொலைபேசி வயர் இழுக்கும் வேலை. கிழக்குப் பக்கம், ஒரு ஆற்றங்கரையில், தன்னுடையது அல்லாத ஒரு காலாட்படைப் பிரிவுக்கு வயர் இழுத்துக் கொடுக்க அனுப்பப்பட்டிருக்கிறார். அங்கே எதிரியின் ஷெல் வெடித்து ஒரு சில்லு இடது தொடைக்குள் போயிருக்கிறது. அந்தப் பிரிவைச் சேர்ந்த ஒரு சிப்பாய் அவரைத் தோளில் போட்டு ஆற்றுக்குக் கொண்டுபோய், படகில் ஏற்றி அக்கரை சேர்த்திருக்கிறான். திரும்பிப் போனவன் இறந்துவிட்டான். எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்குத் தரப்படும் பதக்கம் தனக்கு வேண்டும் என்பதுதான் மனு.

ஆவணம் எதுவும் இல்லை. அவருடைய சொந்தப் பிரிவுக்கு அவரை வெளியே அனுப்பியது தெரியும், அங்கே என்ன நடந்தது என்று தெரியாது. அந்தக் காலாட்படைப் பிரிவின் ஆள் கணக்கில் அவர் இல்லவே இல்லை. முதலில் சிகிச்சை தந்த கூடாரத்தின் காகிதங்கள் கிடைக்கவில்லை என்று பதில் வந்திருந்தது. அவரது விடுவிப்புச் சான்றில் "இடது தொடையில் தழும்பு" என்று அடையாளக் குறிப்பாக மட்டும் உண்டு. அது எப்படி வந்த தழும்பு என்பது இல்லை.

அதைவிடச் சிக்கல், அவர் இரண்டு முறை மனுப் போட்டிருந்தார். பல வருடங்களுக்கு முன்பு ஒன்று, சமீபத்தில் ஒன்று. இரண்டிலும் காயம்பட்ட தேதி வேறு வேறு. முதல் மனுவின் தேதி போர் முறைப்படி தொடங்குவதற்கு முன்னால் வருகிறது. இரண்டாவது மனுவின் தேதியில் போர் ஓயப்போகிறது. அந்த ஆற்றங்கரையைப் படைகள் எப்போதோ கடந்துபோய்விட்டன. முதல் மனுவின் ஓரத்தில், அப்போது சங்கப் பொறுப்பில் இருந்த யாரோ பச்சை மையில் எழுதியிருந்தார்: "முரண்பாடு. நம்பத் தகுந்ததல்ல."

"சண்டை தொடங்குக முன்னெயே காயம்பட்ட ஒரே வீரர் நம்ம ஆளுதான்" என்றார் செயலாளர். "லீவுக்கு ஊருக்கு வந்தப்பொல்லாம் பாறைக்குழியிலெ வேலைக்குப் போயிருக்காரு, கேட்டியளா. பாறைக்கு வெடி வச்சப்பொ தெறிச்சதாட்டு இருக்கும்னு பழைய ஆளுவ சொல்லுகாவ. நான் சொல்லல்லெ."

"உள்ளே சில்லு இருக்கிறதாவது உண்மையா?"

"அது உண்டு. முட்டுவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருக்காரு. தொடைக்குள்ளெ இரும்பு கெடக்கு, மெசினுக்குள்ளெ விட்டா மெசினும் போவும் ஆளும் போவும்னு திருப்பி விட்டுட்டானுவ. அதுக்குப் பொறவுதான் ரெண்டாமத்தெ மனு." செயலாளர் எழுந்தார். வாசலில் நின்று, ஞாபகம் வந்தவர் போல ஒன்று சொன்னார். "ஆனா ஒண்ணு அண்ணாச்சி. தூக்கிட்டுப் போனானே ஒருத்தன், அவனுக்கு இந்த மனுசன் வருசா வருசம் தெவசம் குடுக்காராம். பொய் சொல்லுகவன் தெவசம் குடுப்பானா?"

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அன்று மாலையே உட்கார்ந்தேன். தெவசம் என்றால் திதி. எங்கள் நாஞ்சில் நாட்டு நெல்வயல் ஊர்களில் அப்படித்தான். என் தகப்பனாருக்கு ஐப்பசி வளர்பிறையில் வரும் ஒரு திதியில்தான் கொடுக்கிறேன், தேதி எப்போதும் மாறும், திதி மாறாது. அவர் கொடுத்த இரண்டு தேதிகளும் அந்தந்த மனு போட்ட வருடத்தில் ஒரே திதியாக இருந்துவிட்டால் விஷயம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். பழைய பஞ்சாங்கங்களைத் தகப்பனார் காலத்திலிருந்தே கட்டிக்கட்டி வைத்திருக்கிறோம். எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் அஷ்டமி, இன்னொன்றில் சஷ்டி. ஒட்டவே இல்லை.

"தேதி உறுதிப்படவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். மூட விடாமல் தடுத்தது ஒரு சின்ன விஷயம். இரண்டு தேதிகளுமே கார்த்திகை மாதத்துக்குள் விழுந்தன. கற்பனையாகத் தேதி சொல்லுகிறவன் இரண்டாம் முறை சொல்லும்போது தமிழ் மாதத்தின் வேலிக்குள் நிற்கவேண்டிய அவசியம் என்ன?

அடுத்த வாரம் வடசேரியிலிருந்து பஸ் ஏறினேன்.

மார்த்தாண்டம் தாண்டியதும் காற்றே வேறு. மழை விட்ட நேரம். ரப்பர் மரங்களுக்கு நடுவே சாலை வளைந்து ஏறுகிறது. வீட்டு முற்றங்களில் ரப்பர் ஷீட்டுகள் வேட்டி காயப் போட்டதுபோலக் கொடியில் தொங்குகின்றன. கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். சின்ன ஓட்டு வீடு, முன்னால் சிமெண்டுத் தளம். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் இடது காலை நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த, குள்ளமான மனிதர். மனுவைப் படித்து நான் மனதில் வைத்திருந்த ஆகிருதிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அவர் மனைவி பக்கத்தில் முறத்தில் பலாக்கொட்டையைத் தோலுரித்துக்கொண்டிருந்தார்.

"இரியுங்கோ சாரே. வடசேரியிலெ இருந்து நேரிட்டு பஸ் கிட்டிச்சா?" என்றார் அவர். "ஏட்டி, சாருக்கு சாயா எடு."

"சாரு மொதல்ல காரியத்தெ பறயட்டு. சாயா குடிச்சுட்டு இல்லென்னு சொல்லிட்டுப் போனவிய நெறைய பேரு உண்டு" என்றார் அந்த அம்மாள், கையை நிறுத்தாமல்.

நான் காரியத்தைச் சொன்னேன். "அண்ணே, ரெண்டு மனுவிலும் தேதி வேற வேறயா இருக்கு."

"உண்டு."

"எது சரி?"

"ரெண்டும் சரியாக்கும்."

நான் பேனாவை மூடிவிட்டு அவரைப் பார்த்தேன். விளையாடவில்லை. அந்த அம்மாள்தான் சிரித்தார்.

"இவியளுட்டெ கேட்டா இப்படியாக்கும் பறைவாவ. அதான் எந்த ஆப்பீசிலெயும் காரியம் நடக்கல்ல. நான் சொல்லுகேன் சாரே. அது மகமாக்கும். கார்த்திகை மாசத்து மகம் நட்சத்திரம். இவியளுக்க பொறந்தநாளு."

"பிறந்தநாளா?"

"காயம் பட்டது என் பொறந்தநாளன்னைக்காக்கும்" என்றார் அவர். "மனு அடிக்கப் போன கடையிலெ, எந்தத் தேதின்னு கேட்டாவ. எனக்கு இங்கிலீசு தேதி தெரியாது, என் பொறந்தநாளன்னைக்குன்னு சொன்னேன். பொறந்தநாளு எந்தத் தேதின்னு கேட்டாவ. இவளுக்கு போன் போட்டேன். இவ கலண்டரைப் பாத்துச் சொன்னா. மனு போட்ட வருசம் மகம் எந்தத் தேதியோ, அதுகூட சண்டை நடந்த வருசத்தெ சேத்து அடிச்சாவ. ரெண்டாமத்தெ தடவையும் அதேபோல கேட்டாவ. இவ அந்த ரெண்டாமத்தெ மனு போட்ட வருசத்துக் கலண்டரைப் பாத்துச் சொன்னா."



இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பிறந்தநாள் என்றால் தமிழ் மாதத்தில் வரும் பிறந்த நட்சத்திரம். இறந்தவருக்குக் கொடுப்பதும் பல வீடுகளில் நட்சத்திரம் பார்த்துத்தான், எங்களைப்போலத் திதி பார்த்து அல்ல. ஆங்கிலத் தேதியில் அது வருடத்துக்கு வருடம் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் எழுதிய தேதியை யாரும் பிறந்தநாளாக நினைப்பதில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள், தலைமையாசிரியர் புண்ணியத்தில். ஆக, அந்த மனிதர் இரண்டு மனுவிலும் ஒரே நாளைத்தான் சொல்லியிருக்கிறார். கலண்டர் மாறியதால் தேதி மாறிவிட்டது. நட்சத்திரத்தைத் தேடவேண்டிய இடத்தில் நான் திதியைத் தேடியிருக்கிறேன்.

இருந்தாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. போர்முனையில், பங்கருக்குள், கலண்டரும் பஞ்சாங்கமும் இல்லாத இடத்தில், அன்று மகம் என்று இவருக்கு எப்படித் தெரியும்? பிறகு ஊருக்கு வந்து யாராவது சொன்னதா?

கேட்டேன். அவர் பதிலுக்குத் தன் இடதுகை விரல்களை விரித்தார்.

"திருக்கார்த்திகைக்கு நிலா நெறைஞ்சு நிக்கும் இல்லியா சாரே. அன்னைக்கு நாங்க வண்டியிலெ போயிட்டு இருக்கோம். வெளியே பாத்தேன், வல்லிய நிலா. இப்பொ வீட்டிலெ அம்மை பனையோலைக் கொழுக்கட்டை அவிச்சிட்டு இருப்பான்னு நெனைச்சேன். அன்னைக்குத் தொடங்கி எண்ணினேன்." பெருவிரலால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். "கார்த்திகை, ரோகிணி, மகயிரம், திருவாதிரை, புணர்தம், பூசம், ஆயில்யம், மகம். நடுவிலெ சண்டை தொடங்கியாச்சு. அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்லை, நான் பாட்டுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு விரலை மடக்கிட்டு இருந்தேன். பொறந்தநாளைக்கு அம்மை கோயிலுக்குப் போவா. அந்த நாளு மட்டும் தெரிஞ்சு இருக்கணும்னு ஒரு இது."

அவருக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. வானத்தில் ஒரு முழுநிலவைப் பார்த்ததை வைத்துக்கொண்டு, குண்டுச் சத்தத்துக்கு நடுவே, விரல் விரலாகத் தன் பிறந்தநாளை நோக்கி நடந்திருக்கிறார். நான் எவ்வளவோ போர் வரலாறுகள் படித்தவன். எந்தப் படை எந்த ஆற்றை எப்போது கடந்தது என்பது அவற்றில் இருக்கும். இந்த விரல்கள் எதிலும் இல்லை.

மிச்சத்தையும் அவரே சொன்னார். அன்று பொழுது சாயும் நேரத்தில், கூட இருந்த அந்தச் சிப்பாயிடம் அரைகுறை ஹிந்தியில், இன்றைக்கு எனக்குப் பிறந்தநாள் என்று சொல்லியிருக்கிறார். வடக்கே மலையடிவாரத்து ஊர்க்காரன் அவன். பையிலிருந்து ஒரு வெல்லக் கட்டியை எடுத்து உடைத்திருக்கிறான்.

"பெரிய துண்டு எனக்குத் தந்தான். சின்னத் துண்டைத் துணியிலெ மடிச்சு பையிலெயே வச்சான். திரும்பி வந்து திங்கதுக்கு."

இதைச் சொல்லிவிட்டு அவர் சாயாவைக் கேட்டார். அம்மாள் எழுந்து உள்ளே போனார்.

ராத்திரி வெகுநேரமான பிறகு ஷெல் விழுந்திருக்கிறது. தொடையில் நெருப்புக் கம்பியை ஏற்றினாற்போல இருந்தது என்றார். தூக்கியவன் ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்பச் சொன்னானாம்: நிலா வருவதற்குள், நிலா வருவதற்குள். நிலா உதித்துவிட்டால் ஆற்றில் படகு போவது எதிரிக்குத் தெரியும். படகு கரை தட்டியபோது கிழக்கே மரங்களுக்குப் பின்னால் பாதி நிலா எழுந்துகொண்டிருந்தது. இவரை இறக்கிவிட்டு அவன் அதே படகில் திரும்பினான். வெளிச்சத்தில்.

"நான் பாத்துட்டே கெடந்தேன்" என்றார்.

நாங்கள் சாயா குடித்தோம். இத்தனை வருடம் கழித்து எதற்காகப் பதக்கம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட உடனே தோன்றியது.

அவர் கோபப்படவில்லை. "பதக்கத்தெ எங்கெ குத்துகது, இந்த சட்டையிலெயா? அதல்ல சாரே. அந்த மனுவிலெ பச்சை மையிலெ எழுதி வச்சிருக்காவ இல்லியா, நம்பத் தகுந்ததல்லன்னு. நான் பாத்தேன். எனக்குக் காயம் பட்டது பொய்யின்னா, என்னைத் தூக்குனவனும் பொய்தானே? அவன் யாரையும் தூக்கல்ல. ஆத்தைக் கடக்கல்ல. அப்படித்தானே ஆவும்? நான் பொய்யின்னா அது எனக்குக் கெடக்கட்டு. அவன் பொய்யாவக் கூடாது."

"அவர் பெயர் தெரிஞ்சா தேடலாமே அண்ணே. இறந்தவங்க பெயரெல்லாம் நினைவிடத்தில் பொறிச்சு வச்சிருக்காங்க."

"எல்லாரும் ஒரு செல்லப்பேரு சொல்லித்தான் கூப்பிடுவாவ. நம்ம ஊரிலெ மக்கான்னு கூப்பிடுகது போல ஒண்ணு. அந்தப் பேரு சொன்னா அவனுக்க நாட்டிலெ வீட்டுக்கு ஒருத்தன் திரும்பிப் பாப்பான். முழுப்பேரு கேக்கதுக்கு நேரம் எங்கெ கிட்டிச்சு?"

அந்த அம்மாள் இடையில் சொன்னார்: "கல்யாணம் களிஞ்ச மொதல் வருசம் எனக்கு ஒண்ணும் தெரியாது. பொறந்தநாளுன்னு பாயசம் வச்சேன். இவிய அடுக்களைக்கு வந்து அடுப்பை அணைச்சுப்போட்டாவ. ஒரு வாக்கு பறையல்ல. நான் மூணு நாளு இவியளுட்டெ மிண்டல்ல. அதுக்குப் பொறவுதான் சங்கதி சொன்னாவ. அன்னைக்கு நான் அந்த வடக்கத்திப் பையனுக்குப் படைக்கதுக்குச் சப்பாத்தி சுடப் படிச்சேன். இந்த ஏரியாவிலெ அப்பொ எவளுக்குத் தெரியும் சப்பாத்தி? பப்படம் போல இருந்தது."

"இப்பவும் பப்படம்தான்" என்றார் அவர்.

"தின்னுகது காக்கா. அது குத்தம் பறையாது."

வீட்டுக்கு வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் பஞ்சாங்கக் கட்டுகளை இறக்கினேன். முதலில் முதல் மனு போட்ட வருடம். கார்த்திகை மாதத்தில் மகம் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்தேன். மனுவில் அடித்திருந்த அதே தேதி. பிறகு இரண்டாவது மனுவின் வருடம். அதே தேதி. அந்த அம்மாள் கலண்டரைப் பார்த்துச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இனி போர் நடந்த வருடம். அந்தக் கட்டில் தாள்கள் பழுப்பேறி ஓரம் பொடிந்திருந்தன. கார்த்திகை மாதப் பக்கத்தில் விரலை வைத்துக் கீழே இறக்கினேன். திருக்கார்த்திகை, பௌர்ணமியை ஒட்டி. அவர் விரல் மடக்கிய வரிசையிலேயே நட்சத்திரங்கள் இறங்கின. மகம் வந்த இடத்தில் விரல் நின்றது. போர் தொடங்கி ஒரு வாரம் ஆகாத நாள். போருக்கு முன்னாலும் இல்லை, முடிவிலும் இல்லை. படைகள் அந்த ஆற்றங்கரையில் நின்றதாக நூலகத்தில் நான் எடுத்து வைத்திருந்த வரலாறு சொல்லும் நாட்களுக்குள்ளே.

பக்கத்துக் கட்டத்தில் அன்றைய திதியைப் பார்த்தேன். தேய்பிறையின் நடுப்பகுதி. அந்தத் திதிகளில் நிலா பாதியாகத்தான் இருக்கும். இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் கிழக்கே எழும்.

நிலா வருவதற்குள், நிலா வருவதற்குள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் நிலாவைப் பற்றிச் சொன்னது தேதியை நிரூபிக்க அல்ல. தூக்கியவன் என்ன சொன்னான் என்பதற்காகச் சொன்னது. நட்சத்திரத்தைச் சொன்னதும் அப்படித்தான். அது அவருக்குத் தன் பிறந்தநாள், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அவர் சொன்ன இரண்டும் வானத்தில் ஒரே நாளில் போய்ச் சந்தித்துக்கொண்டன. எந்தப் பிரிவின் பதிவும், எந்தக் கூடாரத்தின் காகிதமும் மிஞ்சவில்லை. மகத்துக்கு வந்த நிலா மட்டும் அங்கேயே இருந்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் தேதிகளோடு பழகியவன் நான். தேதி என்பது நாம் நாளுக்குப் போடும் சட்டை என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. சட்டை மாறியதைப் பார்த்து ஆளே மாறிவிட்டான் என்று பச்சை மையில் எழுதியிருக்கிறோம்.

மறுநாள் செயலாளரை வரச்சொல்லி எல்லாவற்றையும் பரப்பிக் காட்டினேன். அவர் நெடுநேரம் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல ஆரம்பித்தார்.

"எல்லாம் சரி அண்ணாச்சி. மகம், பூரம்னு எழுதினா டெல்லியிலெ எவன் ஒத்துக்கிடுவான்? சாதகம் பாக்க அனுப்பினியளான்னு கேப்பான்."

"நட்சத்திரத்தை விட்டுடும். நிலா உதிக்கிற நேரத்தை எழுதுவோம். டெல்லிக்காரனுக்கும் நிலா ஒண்ணுதானே வேய்."

அவர் சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. "நானும் பாறைவெடின்னு சொன்னவந்தான்" என்றார். "அன்னைக்கு நான் சொல்லல்லென்னு சொன்னேன் இல்லியா. நானும்தான் சொன்னேன்."

இருவரும் சேர்ந்து பரிந்துரை எழுதினோம். எது தெரியும், எது தெரியாது என்று பிரித்தே எழுதினேன். காயம் எப்படிப் பட்டது என்பதற்குப் பஞ்சாங்கம் சாட்சி அல்ல. உள்ளே கிடக்கும் சில்லு பாறைவெடியில் தெறித்த இரும்பா, ஷெல்லின் இரும்பா என்பதை மருத்துவக் குழுதான் சொல்லவேண்டும். பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்டோம். மனுதாரர் இரண்டு முறையும் ஒரே நாளையே குறிப்பிட்டிருக்கிறார், தேதி மாற்றம் கலண்டரால் நேர்ந்தது, அவர் விவரிக்கும் சூழ்நிலை அந்த நாளின் வானத்தோடும் படைகளின் நகர்வோடும் பொருந்துகிறது என்பது எங்களுக்குத் தெரிந்தது. அதை எழுதினோம். பழைய மனுவின் ஓரத்தில் இருந்த குறிப்பை ரத்து செய்வதாகச் சங்கத்தின் தீர்மானம் ஒன்றும் சேர்த்தோம்.

மனுதாரர் கையெழுத்து வேண்டும். கார்த்திகை பிறந்திருந்தது. "மகத்தன்னைக்கு ஆத்துக்கு வருவாவ, அங்கயே வாங்கிக்கிடுவோம்" என்றார் செயலாளர்.

குழித்துறையில் ஆற்றில் தண்ணீர் கலங்கி, நிறைந்து போய்க்கொண்டிருந்தது. காலை வெயில் இன்னும் படித்துறைக்கு இறங்கவில்லை. வேறு இரண்டொரு குடும்பங்களும் இருந்தன. அவர் ஈர வேட்டியோடு, இடது காலை மடக்க முடியாமல் ஒரு பலகைமேல் உட்கார்ந்திருந்தார். தர்ப்பை, எள், பச்சரிசி எல்லாம் மற்றவர்களுக்கு இருப்பதுபோலவே. கூட ஒரு வாழையிலைத் துண்டில் இரண்டு சப்பாத்தி. அதன்மேல் வெல்லத்தில் ஒரு சின்னத் துண்டு.

பலி கொடுக்க வைப்பவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "பேரு?"

அவர் அந்தச் செல்லப்பெயரைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை.

"நட்சத்திரம்?"

"மகம்."

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அவருக்க பொறந்த நட்சத்திரம் நமக்குத் தெரியாதில்லியா. இவிய சொந்த நட்சத்திரத்தெ குடுத்திருக்காவ. மொதல் வருசம் தொட்டே."

அரை நூற்றாண்டுக்கு மேலாக, முகவரி தெரியாத ஒருவனுக்குத் தன் பிறந்த நட்சத்திரத்தையே முகவரியாகக் கொடுத்து இந்த மனிதர் சோறு அனுப்பிக்கொண்டிருக்கிறார். தன் பிறந்தநாளை அவனுக்குத் தந்துவிட்டார், ஒரு வாய்ப் பாயசம்கூட மிச்சம் வைக்காமல். படித்துறையில் நின்றுகொண்டு எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

காக்கைகள் முதலில் சோற்றுக்கு வரவில்லை. ஒன்று தத்தித் தத்தி வந்து சப்பாத்தியின் ஓரத்தைக் கொத்திப் பார்த்தது. பிறகு முழுதாகத் தூக்கிக்கொண்டு, பாரம் தாங்காமல் தாழப் பறந்து, ஆற்றைக் கடந்து அக்கரை மரத்துக்குப் போனது. அவர் அது போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் துவட்டிக்கொண்டு படிமேல் வந்து உட்கார்ந்ததும் செயலாளர் பரிந்துரையைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார். இந்த முறை வேடிக்கைப் பேச்சு ஏதும் இல்லை. தேதி, நிலா, சில்லு எல்லாவற்றையும் அவர் தலையைக் குனிந்து கேட்டார். வாசித்து முடித்ததும் செயலாளர், "மெடல் வருமா வராதான்னு என்னாலெ சொல்ல முடியாது அண்ணே. மருத்துவக் குழு பாக்கணும். நாளாவும். ஆனா பச்சை மையை அடிச்சாச்சு" என்றார்.

பேனாவை வாங்கியவர் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார்.

"அவன் தூக்கிட்டுப் போனது அதிலெ உண்டா?"

"உண்டு. வாசிச்சேனே."

"அது மட்டும் ஒருக்க வாசியுங்கோ."

செயலாளர் அந்த வரியைத் தேடி எடுத்தார். "அப்பிரிவைச் சேர்ந்த, முழுப்பெயர் அறியப்படாத ஒரு சிப்பாய், காயம்பட்ட மனுதாரரைத் தோளில் சுமந்து ஆற்றுக்குக் கொண்டுசென்று அக்கரை சேர்த்தபின், திரும்பிச் சென்று உயிர்நீத்தார்."

"ம்" என்றார் அவர். தாளைத் தொடையில், அந்த இடது தொடையில், விரித்து வைத்துக் கையெழுத்துப் போட்டார்.